அப்பாவுக்குத் திரட்டிய சீனி

"…ஒடம்புல சீனி இல்ல புள்ள, வேற ஒரு நோவும் இல்ல! மொதல்ல தம்பி இந்தக் கோப்பிய குடிக்கட்டும், லாரிய நாளைக்குப் பாத்துக்கலாம் லா" என்றாள் அத்தை, என் அப்பாவின் அக்கா. ரப்பர் தோட்டத்துக் கேட்டில் சிரம்பான் பட்டணத்துக்குப் போகும் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஊரடங்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய லாரி, யாருக்காகவும் நிற்காது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம் அண்ணி. எப்படி மூச்சு வாங்குது பாருங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"இந்த ரோட்டுல குலுங்குனா வழியிலயே போயிருவான். தெம்பு வரட்டும்."

அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று எங்கள் லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களை கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி சோறு, ஒரு சிட்டிகை சீனி வெளியே போகாது. அதனால் வேலிக்கு உள்ளேயே சீனிக் கோப்பியை வயிறு முட்டக் குடித்துவிட்டு வேலைக்குப் போவது எங்கள் வழக்கம். "வயித்துல இருக்கறத எந்தப் போலீஸ்காரன் புடுங்குவான்?" என்று அப்பா சிரிப்பார். எங்களுக்குச் சீனி என்றால் தெம்பு, அவ்வளவுதான்.

அந்த அப்பா உருகிப்போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். எவ்வளவு தின்றாலும் எலும்பு துருத்தியது. அளந்து கிடைத்த பங்குச் சீனியிலிருந்து லயத்து வீடுகளெல்லாம் ஆளுக்கொரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தன, தங்கள் பிள்ளைகளுக்கு வெறுங்கோப்பி ஊற்றிவிட்டு. அவ்வளவு பாசத்தையும் அத்தை கலக்கிக் கலக்கி அப்பாவுக்குக் கொடுத்தாள்.

வெகுகாலம் கழித்து, பழைய பாடப்புத்தகம் ஒன்றை நானாகத் தட்டுத்தடுமாறிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சீனி வயிற்றுக்குள் போனால் போதாதாம். ரத்தத்தில் ஓடி, உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுழைந்து, நாம் இழுக்கும் மூச்சுக்காற்றோடு சேர்ந்து எரிந்தால்தான் அது தெம்பாகும். உள்ளே நுழைய இன்சுலின் வேண்டும். அப்பாவுக்கு அது வற்றிவிட்டிருந்தது. ரத்தமெல்லாம் சீனி, செல்லெல்லாம் பட்டினி. வேறு வழியில்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரித்தது. அதனால் ரத்தத்தில் ஏறிய அமிலப் புளிப்பைத் தள்ளத்தான் அந்த மூச்சிரைப்பு. கொழுப்பு அப்படி எரியும்போது மூச்சில் பழவாசமும் அடிக்குமாம்.

ஹாரன் நின்றது. லாரி போய்விட்டது. துணிமூட்டையைக் கையில் பிடித்தபடி அம்மா வாசலிலேயே நின்றாள். மறுநாள் லாரி வந்தபோது, அதில் ஏற்ற அப்பா உயிரோடு இல்லை.

லாரி போன அந்தச் சாயங்காலம் எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்பாவின் மூச்சில் கனிந்த பழத்தின் வாசம் அடித்தது. சீனி ஏறிவிட்டது, அப்பா பிழைத்துக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அத்தை, அப்பா வாயில இனிப்பு வாசம் வருது!"

"பாத்தியா புள்ள, சீனி புடிச்சிருச்சு!" என்று அத்தை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். சீனி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துக் கோப்பியில் போட்டாள். ஊதி ஆற்றினாள். தன் தம்பியின் தலையை மடியில் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் புகட்டினாள்.