ரஃப் ஆள் தனகோடி

தனகோடி செத்துவிட்டான் என்ற செய்தி மண்ணூர்பேட்டை டீக்கடையில் வந்தது. பூந்தமல்லி ரோட்டில் லாரி அடித்துவிட்டதாம். "லாரிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டீ வேட்டியில் கொட்டியிருந்தது.

அவனோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் லேத் பட்டறையே 'ரஃப்' என்ற ஒரு இங்கிலீஷ் சொல்லை வைத்துத்தான் ஓடியது. இரும்பில் போடும் முதல் வெட்டு ரஃப். அளவு கிறுக்கும் நோட்டு ரஃப். உத்தேசமாகச் சொன்னாலும் ரஃப்தான். விரலுக்குச் சொரசொரத்தால் ரஃப், பேச்சில் மரியாதை குறைந்தால் அதுவும் ரஃப். கடைசியில் அடிதடிக்காரனுக்கும் அதே பேர். அது தனகோடிக்கு ஒட்டிக்கொண்டது. அவனுக்கோ பிடிக்காது. "இரும்ப சொல்லு. நா இன்னா இரும்பா?" என்பான்.

பேர் சும்மா வரவில்லை. காய்ச்சலில் உட்கார்ந்துவிட்ட ஒரு தொழிலாளியை ஃபோர்மேன் செருப்புக் காலால் உதைத்தார். தனகோடி அந்த ஃபோர்மேனின் பிடரியைப் பிடித்து, இரும்புச் சீவல் குவிந்த தட்டில் முகத்தை வைத்துத் தேய்த்தான். தட்டெல்லாம் ரத்தம். பதினைந்து நாள் சஸ்பெண்டு செய்தார்கள். சிரித்துக்கொண்டே போனான்.

பிறகு ஸ்டிரைக் வந்தது. சங்கச் செயலாளரோடு எனக்கு ஒரு வாய்ச்சண்டை. வெறும் வீம்புக்கு, நான் மட்டும் உள்ளே போய் மூன்று நாள் லேத் ஓட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்படிக் கட்டு மீறுகிறவனுக்கு எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதே லேத்தில் அடுத்த ஷிப்டு நிற்பவன்தான் முதலில் கை வைக்க வேண்டும். அடி வாங்கியவன் எழுந்திருக்காமல் கிடந்தால் விஷயம் முடிந்தது, வேறு யாரும் தொடக்கூடாது. எழுந்துவிட்டால் கூட்டம் இறங்கும். என் லேத்தில் அடுத்த ஷிப்டு தனகோடி.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெளியே வந்தேன். முப்பது பேர் நின்றார்கள். கையில் சைக்கிள் செயின், இரும்புக் கம்பி. தனகோடி வெறுங்கையோடு வந்து என் வாயிலேயே குத்தினான். விழுந்தேன். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வருமே, எழுந்தேன். விலாவில் உதைத்தான். மறுபடியும் எழுந்தேன். கம்பிக்காரர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். அவன் என் தலைமயிரைப் பிடித்திழுத்துக் காதோடு சொன்னான்:

"கெடடா, சோமாறி. எய்ந்துக்காத. கொன்னுடுவானுங்க."

அழுகிறவன் குரல் அது. சொல்லிவிட்டு என் முகத்தைத் தரையில் அறைந்தான். கிடந்தேன். என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, கடைசி ஆள் நகரும்வரை அவன் அசையவே இல்லை.

அதற்கப்புறம் ஆறு வருஷம் ஒரே லேத்தில் மாறி மாறி நின்றோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன வீம்பு அப்போதும் விடவில்லை. இப்போது சொல்ல ஆள் இல்லை.

முன்பல் இரண்டு அன்றைக்கே போய்விட்டன. பல் கட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரி நச்சரிக்கிறாள். கட்டமாட்டேன். அவன் கையால் எனக்கு மிஞ்சியது இந்த ஓட்டையும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இந்த உயிரும்தான்.