ஆயுத பூஜைக்கு மறுநாள் கருகிய மாவு

1. போன்

காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போனேன், போன் வந்துவிட்டது. ராசிபுரம் பக்கம் மரவள்ளி மாவு ஆலை வைத்திருக்கும் முதலாளி. அவர் ஆலையின் டிரையருக்கு நான்தான் அட்வான்ஸ்டு புராசஸ் கன்ட்ரோல் போட்டுக் கொடுத்திருந்தேன். ஏ.பி.சி. என்று சுருக்கிச் சொல்வோம்.

"ஏனுங்க பாய், உங்க கம்ப்யூட்டர நம்புனதுக்கு என்ற மாவெல்லாம் கருகிப்போச்சுங்க! இந்த ராசுப் பையன்தான் ஏதோ கோளாறு பண்ணிப்போட்டான். நான் வந்து பாக்கறப்ப மேனுவல்ல கெடக்குதுங்க. இன்னைக்கே அவன ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்."

ராசு டிரையர் ஆபரேட்டர். மனைவி, பிள்ளைகளோடு ஆலைக்குள்ளேயே லைன் வீட்டில் இருந்தான். வேலை போனால் அவனுக்கு வீடும் போகும். "நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சாப்பிடாமலே கிளம்பினேன்.

2. சும்மா உட்கார்ந்திருப்பது

இந்த ஆலையில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டிரையரில் ஈர மாவு, சூடான காற்றில் குழாய் வழியே பறந்து காய்கிறது. அது வெளியே வரும் இடத்தில் ஈரப்பத மீட்டர் ஒன்று கண்ணாடி வழியாக மாவைப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லும். அதை வைத்து ஏ.பி.சி. சூட்டையும் மாவு போடும் வேகத்தையும் தானே மாற்றும். மனிதன் ஈரம் ஏறிய பிறகு சூட்டைக் கூட்டுவான், இது ஏறப்போவதைக் கணித்து முன்கூட்டியே கூட்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் ஆட்டோவில், அதாவது ஏ.பி.சி. தானே ஓட்டும்போது, ஆபரேட்டருக்குக் கைவேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. அதனால் அவர் கார் சத்தம் கேட்டதும் எல்லா ஷிப்டிலும் மேனுவலுக்கு மாற்றி, எதையாவது திருகிக்கொண்டு நிற்பார்கள். கார் போனதும் மறுபடி ஆட்டோ. நான் ராத்திரி பகலாகக் கணிப்பு மாடல் எழுதிக் கிழித்ததெல்லாம் இந்தக் கூத்துக்குத்தானா என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

3. ஏணி

டிரையர் பக்கம் போனால் தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. ராசு தலைத்துண்டைக் கையில் கசக்கியபடி நின்றான்.

"நீயாப்பா மேனுவலுக்கு மாத்துனே?"

"ஆமாங்க பாய். கருகற வாசம் வந்துச்சுங்க. பயந்துபோயி மாத்திப்போட்டனுங்க. அதுக்கு முந்தி நான் ஒண்ணையுந் தொடலீங்க."

"தொடாம எப்படிறா கருகும்?" என்று முதலாளி பாய்ந்தார்.

திரையைப் பார்த்தேன். காலையில் டிரையரை ஓட்டியதிலிருந்து ஈரப்பதக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக, உச்சத்தில் நின்றது. ஓடும் மாவில் அப்படி வரவே வராது. மாவு சொதசொதவென்று இருப்பதாக நம்பி, ஏ.பி.சி. சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது.

ஏணி போட்டு மீட்டரிடம் ஏறினேன். முந்தின நாள் ஆயுத பூஜையில் மோட்டாருக்கும் புளோயருக்கும் வைத்த மாதிரியே இதற்கும் சந்தனம் அப்பி, நடுவில் வட்டமாகக் குங்குமம் வைத்திருந்தது. நெற்றி என்று நினைத்துக் கண்ணிலேயே வைத்துவிட்டார்கள். அடக் கடவுளே! அது காலையிலிருந்து மாவைப் பார்க்காமல், அப்பிய சந்தனத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது.

"இந்தக் கண்ணாடியில பொட்டு வெச்சது யாருங்க?"

முதலாளி பெருமையாகச் சொன்னார்: "நாந்தானுங்க. ஏணில ஏறி என்ற கையால வெச்சேன். புது மிஷினு, அதுக்கு வெக்காம உடலாமுங்களா?"

எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. ராசுவிடம் திரும்பினேன். "கண்ணாடியத் தொடக் கூடாதுன்னு உன்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நாந்தானுங்க ஏணியப் புடிச்சேன். மொதலாளி சாமி கும்பிட்டுட்டு வெக்கறப்ப வேண்டாம்னு எப்படிங்க பாய் சொல்றது?"

நானே துடைத்திருக்கலாம். அவர் பக்தியாக வைத்த பொட்டை நான் அழித்தால் நன்றாக இராது. "நீங்க வெச்சத நீங்களே எடுத்துடுங்க" என்றேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி ஈரத்துணியோடு ஏறினார். ராசுதான் மறுபடியும் ஏணியைப் பிடித்தான். துடைத்துக் கண்ணாடி காய்ந்ததும் கோடு மளமளவென்று இறங்கியது.

கீழே வந்தவர் ராசுவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "ஆட்டோவுல போட்றா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, போட்டுடுவான். ஆனா இனிமே அவன் சும்மா உக்காந்திருந்தா நீங்க மொறைக்கக் கூடாது. மொறைக்கறதா இருந்தா இத இப்பவே கழட்டிட்டுப் போயிடறேன்."

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "செரீங்க பாய்" என்றார்.

4. தகடு

அன்றிலிருந்து நான் மாட்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் தகடு அடித்துவிடுகிறேன், பொட்டு வைப்பதற்கென்றே. டிராயிங்கிலும் போட்டுவிடுவேன். புதிதாக வரும் இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாடல் எழுத உட்காரும் முன்னால் அந்த ஆலையில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள் என்பேன். அதற்கு எந்த சாஃப்ட்வேரிலும் பட்டன் கிடையாது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி சுண்டலும் பொரியும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தபோது வெளியே அவர் கார் சத்தம் கேட்டது. ராசுவின் கை பழக்கத்தில் மேனுவல் பட்டனை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு, முதலாளி உள்ளே வந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.