நசுங்காத எலுமிச்சம்பழம்

பனியில் ஓடும் வண்டிக்கு ரப்பர் பட்டை மாட்டுவதில் புதுச்சேரியிலேயே கைதேர்ந்தவர் கன்னியப்பன். அந்த வேலையைச் செய்ய ஊரில் வேறு ஆளே கிடையாது என்பதால் இதை யாரும் மறுத்ததில்லை. மார்கழிக் குளிருக்கே காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு, கருவடிக்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு சைக்கிள் மிதித்து வருகிற மனிதர். உறைந்த பனி என்று அவர் கண்ணால் கண்டது ஃபிரிட்ஜின் மேல்தட்டில் படிந்திருப்பதைத்தான். அதுவும் முதலாளி வீட்டு ஃபிரிட்ஜில்.

நான் அந்தக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். டிராக்டருக்கும் மாவு மில்லுக்கும் ரப்பர் சாமான் செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளி ஹரிகிருஷ்ணனுக்கு, இரண்டாயிரத்து ஏழில் பிரான்சிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வரும்போல இருந்தது. அந்த நாட்டு மலைகளில் ஒரு வகை வண்டி ஓட்டுகிறார்கள். ஜீப்பும் இல்லை, டிராக்டரும் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காடு மேடு பார்க்காமல் போகலாம். பனிக்காலம் வந்தால் நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டு, பொக்லைனுக்கு இருப்பது மாதிரி நாலு பட்டை மாட்டுவார்கள். சக்கரம் பனியில் புதையும், பட்டை புதையாது. அந்தப் பட்டையை இங்கே செய்து தர முடியுமா என்று பார்க்க, ஒரு வண்டியையே கப்பலில் அனுப்பியிருந்தார் அங்குள்ள வியாபாரி.

"இந்த ஆர்டர் மட்டும் கெடைக்கட்டும், உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்யா" என்று கன்னியப்பனிடம் சொல்லியிருந்தார் முதலாளி. அந்தச் சொல் போதும், மனுஷன் தூங்குவதை விட்டுவிட்டார். முன்பு வேலை பார்த்த துணி மில் மூடிய பிறகு அவர் பார்த்த வேலை எல்லாமே தினக்கூலி. எந்தக் கம்பெனியிலும் அவருடைய லாக்கருக்குப் பூட்டு போட்டதில்லை, நாளைக்கு இருக்கிறோமோ இல்லையோ என்று.

நாங்கள் செய்த பட்டையை வண்டியில் மாட்டுகிற வேலை லேசுப்பட்டதல்ல. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் பல்சக்கரத்தை முடுக்கி, அதன்மேல் பட்டையை ஏற்ற வேண்டும். பட்டை மொத்தமாகப் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கை இருக்கிறது, அதையும் அளவு பார்த்துப் பூட்ட வேண்டும். முதல் தடவை இடதுபக்கத்துப் பட்டையை வலதுபக்கம் மாட்டிவிட்டு, மூன்று பேர் சொல்லியும் ஒப்புக்கொள்ளாமல் சாயங்காலம்வரை சண்டை போட்டார். பிறகு யாரும் பார்க்காதபோது மாற்றி மாட்டிவிட்டு, கெடுத்தது ஸ்டோர்க்காரன்தான் என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டார். அப்படிப்பட்ட கைதேர்ந்தவர்.

ஓட்டிப் பார்க்கப் பனிக்கு எங்கே போவது? மணலும் பனியும் பங்காளிகள்தான் என்று முதலாளி முடிவு செய்து, வண்டியை லாரியில் ஏற்றிக் கனகசெட்டிக்குளம் கடற்கரைக்குக் கொண்டுபோனார். கன்னியப்பன் தேங்காய், கற்பூரம், நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புது வண்டி முதல்முதலாக நகரும்போது பழம் நசுங்க வேண்டும், அதோடு திருஷ்டி போக வேண்டும். இதில் பிரான்சு வண்டி, பாண்டி வண்டி என்ற பேதம் கிடையாது. நாலு பட்டைக்கும் முன்னால் நாலு பழம் வைத்தார். முதலாளி ஓட்டினார். வண்டி மணல்மேல் வழுக்கிக்கொண்டு அழகாகப் போனது. எல்லோரும் கைதட்டினோம்.

கன்னியப்பன் மட்டும் மண்டியிட்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். நாலு பழமும் முழுசாக வந்தன. தோலில் ஒரு கீறல் இல்லை.

"நசுங்கலியேப்பா இராமலிங்கம்" என்றார் என்னிடம்.

"மணல்ல வச்சா எப்படிண்ணே நசுங்கும்?"

"மில்லுல கடைசி ஆயுத பூசைக்குப் பூசணிக்கா ஒடைச்சோம். ஒடையாம உருண்டு போயி சாக்கடையில வுழுந்துச்சி. மறுவருசம் மில்லே இல்ல" என்றார். இந்த மனிதரைக் கேலி செய்தே பழகிய நான் அன்றைக்குப் பழங்களை மணல் தட்டி அவர் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பிரெஞ்சுக்கார வியாபாரி வந்தார். பிரெஞ்சில் 'ஐயா' என்பதற்குச் சொல்கிற முசியே என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அதே கடற்கரை, அதே வண்டி. விடிகாலையிலேயே போய்ச் சேர்ந்த கன்னியப்பன், முன்பக்க வலது பட்டைக்கு நேராக மணலுக்கடியில் ஒரு செங்கல்லைப் புதைத்து, அதன்மேல் பழத்தை வைத்துவிட்டார். மற்ற மூன்றுக்கும் செங்கல் தேடுவதற்குள் கார் வந்துவிட்டதால், அவற்றை வெறும் மணலிலேயே வைத்தார்.

முசியேவே ஓட்டினார். ஒரு குலுங்கு குலுங்கி வண்டி ஏறி இறங்கியது. 'பச்' என்று பழம் தெறித்தது. கன்னியப்பன் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது முசியே வண்டியிலிருந்து இறங்கி, மணலைத் தோண்டிச் செங்கல்லை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"யோவ், யார்ரா வச்சது இத?" முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

"நான்தான் மொதலாளி. பழம் நசுங்கணும்னு வச்சேன்."

முதலாளி வேண்டாவெறுப்பாக அதைப் பிரெஞ்சில் சொன்னார். முசியே மற்ற மூன்று இடத்திலும் தோண்டினார். மூன்று பழமும் முழுசாக வந்தன. ஒன்றை உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். கேட்டுக்கொண்டே வந்த முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய வண்டி மேலே போயும் பழம் நசுங்கவில்லை என்றால் பட்டை பாரத்தைச் சரியாகப் பரப்புகிறது என்று அர்த்தமாம். பனிக்கு வேண்டியது அதுதானாம். இதுவரை எல்லோரும் தன்னிடம் காகிதத்தைத்தான் நீட்டினார்கள், பழத்தை வைத்து யாரும் காட்டியதில்லையாம்.

ஆர்டர் கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு செட் பட்டையும் மாட்டி, மணலில் பழத்தின்மேல் ஓட்டி, நாலும் முழுசாக இருந்தால்தான் கப்பலேற வேண்டும். அந்தச் சோதனைக்குப் பொறுப்பு, பழத்தைக் கண்டுபிடித்த கன்னியப்பன். சொன்ன வாக்கு மாறாமல் அவரை பர்மனென்ட் செய்தார் முதலாளி. பழம் வாங்கிவர வேண்டியது நான். என்னை யாரும் பர்மனென்ட் செய்யவில்லை.

தொழிற்சாலைக்குப் பின்னால் லாரி லாரியாக மணல் கொட்டினார்கள். ஆரம்பத்தில் கன்னியப்பன் ஒவ்வொரு பழத்தையும் "அய்யனாரே, மன்னிச்சிக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு வைப்பார். சில மாதம் போனதும் வேண்டுதல் மாறியது. "அய்யனாரே, நசுங்கக் கூடாது." ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, திருப்பிப் பார்த்து, "பாசு" என்பார். நசுங்கினால் "பெயிலு". நசுங்காத பழத்தை நாங்கள் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டோம், திருஷ்டி உள்ளேயே இருக்கிறதே. முதலாளிதான் சர்பத் போட்டுக் குடிப்பார். அவர் நன்றாகத்தான் இருந்தார்.

கன்னியப்பன் லாக்கருக்குப் பூட்டு வாங்கினார். மறுவருஷம் தைமாசத்தில் டிவிஎஸ் மொபெட் ஒன்றும் வாங்கினார். மனைவி அமுதவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்காரத் தயாராக வந்தாள். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் பூசை. பழம் வாங்கிவர என்னைத்தான் கூப்பிட்டார்கள், பழக்கம்.

குருக்கள் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்தார். கன்னியப்பன் வண்டியை மெல்ல உருட்டினார். இரண்டும் சேர்ந்தாற்போல் நசுங்கி, சாறு தார்ரோட்டில் ஓடியது. அமுதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கன்னியப்பன் வண்டியை ஸ்டாண்டு போட்டார். குனிந்து முன்சக்கரத்துப் பழத்தை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார், திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"பெயிலு. வேற ரெண்டு பழம் குடு இராமலிங்கம்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அமுதவல்லி சிரிக்கவில்லை.

"இன்னாங்க இது? நசுங்கணும்னுதான வந்தோம்" என்றாள்.

கன்னியப்பன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். நசுங்கினது நல்லதா கெட்டதா என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பின்னால் அடுத்த வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.