நினைவூட்டல் மேடம்

நீதிமன்ற வளாகத்தில் அவளுக்கு 'நினைவூட்டல்' என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் ஒரு 'மேடம்' சேரும். அரசு அலுவலகங்கள் மீது வழக்குப் போடுவது அவள் தொழில். கல்லில் நார் உரிக்கலாம், ஓர் அலுவலகத்திடம் பதில் வாங்க முடியாது என்பார்கள், அவள் வாங்கிவிடுவாள். முதல் நினைவூட்டல், இரண்டாவது, மூன்றாவது என்று கடிதம் போட்டே எத்தனையோ அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவள்.

அந்த வருஷம் நிர்வாகச் சட்ட வழக்கறிஞர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. வேண்டாம் என்று ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தாள். உள்ளுக்குள் ஆசைதான். செயலாளர் என்றால் எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் போடலாம். அக்காவுக்கும் போடலாம்.

அக்கா கூடப் பிறந்தவள் அல்ல. மூன்று வயது மூத்த வக்கீல். பத்தொன்பது வருஷம் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே, எதிரெதிர் மேஜை. இவள் எழுதும் மனுக்களில் அக்கா காற்புள்ளி திருத்துவாள். அக்கா மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இவள் கோர்ட்டுக்கு ஓடுவாள். பிறகு அக்கா அரசு வக்கீல் ஆனாள். அதில் தப்பொன்றும் இல்லை, சங்கத்தில் இரண்டு தரப்பும் உண்டு. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். ஒரு கூட்டத்தின் தேநீர் இடைவேளையில், பத்துப் பேர் முன்னால் இவள், "நீங்க விலை போயிட்டீங்க அக்கா" என்று சொல்லிவிட்டாள். அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அதோடு பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

ஜனவரியில் புதிய விதிகள் பற்றி வகுப்பு. மார்ச்சில் தீர்ப்பாயத் தலைவரோடு கலந்துரையாடல். ஜூனில் சங்க நூலகத்தைத் தூசி தட்டும் நாள். வந்தது மூன்று பேர், தும்மியதும் மூன்று பேர். ஒவ்வொரு அழைப்பிதழிலும் அக்காவுக்கு மட்டும் கீழே பேனாவால் 'அவசியம் வரவும்' என்று எழுதுவாள். கதவோர நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பாள். கூட்டம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஆகஸ்டில் ஒரு விவாதம் நடந்தது. விண்ணப்பம் போட்டு அறுபது நாள் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கொள்ளலாம் என்ற சட்டம் சரியா என்று பேச வேண்டும். மௌனம் சம்மதம் என்று ஊர் சொல்கிறது, மறுப்பு என்று சட்டம் சொல்கிறது, பதில் வராதவனின் நெஞ்சைக் கேட்டால் இரண்டையும் நம்ப முடியவில்லை என்று அவள் பேசினாள். நல்ல கைதட்டல். அவள் கண் கதவில் இருந்தது.

வருஷக் கடைசியில் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். அழைப்பிதழோ நினைவூட்டலோ, சங்கத்தின் மூன்று கடிதத்துக்குப் பதில் தராதவர் பெயரை நீக்க வேண்டும் என்பது சங்க விதி. விதியை எழுதியவளே அவள்தான். காற்புள்ளி திருத்தியது அக்கா. இப்போது பட்டியலில் பதில் தராதவள் அக்கா ஒருத்திதான். பெயர் போய்விட்டால் இனிக் கடிதம் போடவும் சாக்கு இருக்காது. 

செயற்குழுவுக்கு முதல் நாள் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி அவள் அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு வருஷமாகத் தன் ஓய்வூதியத்தைச் சரிசெய்யவில்லை, ஒரு பதிலும் இல்லை என்று கண் கலங்கினாள்.

"எழுத்துல கேட்டீங்களா?"

"கேக்கல மேடம். தப்பு அவங்களோடது. அவங்களுக்கே தெரிய வேணாமா?"

"தெரியணும்தான். ஆனா நீங்க கேக்கவே இல்லைன்னா, அவங்க பதில் சொல்லலைன்னு எப்படிச் சொல்றது?"

சொன்னது அவள் காதிலேயே திரும்ப விழுந்தது. ஒரு வருஷமாகத் தான் அனுப்பியதெல்லாம் அச்சடித்த அழைப்பிதழ். ஒன்றிலாவது மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உண்டா? ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவள், தன் மனுவைப் போடவே இல்லை.

நர்ஸின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். 'அக்கா, நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. எதிர் மேஜையை இன்னும் யாருக்கும் தரல.' அதற்கு மேல் எழுத வரவில்லை. நேரே அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போய்த் தபால் ஜன்னலில் நீட்டினாள். எந்த வழக்கு என்று கேட்டார் எழுத்தர். சொந்த விஷயம் என்றாள். அவர் பழக்க தோஷத்தில் உறையின் மேல் தேதி முத்திரை குத்தினார்.

மறுநாள் செயற்குழுவில் தலைவர் பட்டியலை வாசித்தார். அக்காவின் பெயர் வந்ததும் பதில் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் பேனாவைத் திறந்தார்.

"அடிச்சிடாதீங்க சார். நான் கேட்டதே நேத்துதான்."

"வருஷம் பூரா கடிதம் போட்டீங்களே மேடம்?"

"அதெல்லாம் அழைப்பிதழ் சார். மனு நேத்துதான் போட்டேன். நிலுவையில இருக்கு. இன்னும் ஐம்பத்தொன்பது நாள் இருக்கு."

தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவோர நாற்காலியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, அடுத்த பெயரை வாசித்தார்.