பரமேஸ் அக்கா சாமான் பார்க்கப் பிறந்தவர் அல்ல

பரமேஸ் அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, கனடாவின் மில்லிக்கனில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வந்தது. அவருடைய தம்பி மகள் சுகந்தி மேற்பார்வையாளரின் மேசைத் தொலைபேசிக்கு எடுத்திருந்தாள். விடியப்புறம் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றதாம். தான் பக்கத்தில் இருந்தாளாம். நான் லீவு சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போதே மறுபடியும் அழைப்பு வந்தது. இம்முறை எங்கள் மாதர் வட்டத்தின் செயலாளர். அவரும் அழுதுகொண்டுதான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த அழுகைக்கு நடுவே, "இனி டிசம்பர் பயணத்துக்குச் சாமான் பாக்க ஆரப்பா இருக்கினம்?" என்று கேட்டார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சுகந்தி கேட்டபடியால்தான் எழுத உட்கார்ந்தேன். நல்லதாக வருமோ தெரியாது. உள்ளதை எழுதுகிறேன்.

மரணச் சடங்கு மண்டபத்தில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். பரமேஸ்வரி தன்னலம் இல்லாதவராம். எங்கே போனாலும் ஓரமாக இருந்து மற்றவர்களின் பைகளையும் பிள்ளைகளையும் காத்தவராம். தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லையாம். கடைசியாகப் பேசிய பெரியவர் அவரைக் காவல் தெய்வம் என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெட்டிக்குள் கிடந்த மனுசி எழும்பி வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்ற துணிவில்தானே இத்தனை பேச்சும். நானும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் கிரீஸில் இருந்தது தெரியும். என்ன செய்தார் என்பது தெரியாது. கனடாவுக்கு வருமுன் ஏழு வருடம் ஏதென்ஸ் நகரில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். ஊரில் இரண்டு தங்கைமாரைக் கரைசேர்த்ததும் அந்த ஏழு வருடத்தில்தான். டோர்செட் பார்க் பகுதியில் எட்டாம் மாடியில் இருந்த அவருடைய அப்பார்ட்மென்ட்டில் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் கொடுத்துவைத்தவர், உலகமே காசு கட்டிப் போய்ப் பார்க்கும் கடலில் குளித்திருப்பீர்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோப்பையை வைத்தார்.

"நான் கடலுக்குப் போகேல்லை, பிள்ளை. கடற்கரைக்குப் போனனான்."

பிறகு விளக்கமாகச் சொன்னார். கோடைகாலத்து ஞாயிறுகளில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி, பக்கத்திலிருக்கும் எஜினா தீவுக்குப் போவார்கள். காலையில் போனால் பின்னேரம் திரும்புவது. மணலில் துவாயை விரித்து, குடையை நட்டு, அக்காவை அதன் கீழ் இருத்திவிட்டு எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்கள். நான்கு சோடிச் செருப்பு, கைக்கடிகாரங்கள், மோதிரங்கள், கறுப்புக் கண்ணாடிகள், பழக்கூடை. அவர் கற்ற முதல் கிரேக்க வாக்கியமே 'சாமானைப் பார்த்துக்கொள்' என்பதுதான். அடியில் கிடக்கும் கல்லை எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிந்த தண்ணீராம். ஏழு கோடையில் அது அவருடைய கணுக்காலுக்கு மேலே ஏறவில்லை.

டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகையும் அப்படித்தான். அந்த ஊரில் மரத்தோடு கப்பலுக்கும் விளக்குக் கட்டுவார்களாம். நகரத்துச் சதுக்கத்தில் விளக்குக் கப்பலைப் பார்க்க வீட்டுக்காரர் இவரையும் கூட்டிப்போவார்கள். தள்ளுவண்டியைப் பிடிக்கவும் கோட்டுகளைச் சுமக்கவும் ஆள் வேண்டுமே. படம் எடுப்பதும் இவர்தான். அவர் எடுத்த படங்கள் அந்த வீட்டில் ஆல்பம் ஆல்பமாக இருக்கும். அவர் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.

இங்கே வந்து, டான்ஃபோர்த் பக்கம் கிரேக்க முதியவர்கள் இருக்கும் ஓர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்த்தார். தங்கள் மொழியில் பேசும் தமிழ்ப் பெண்ணைக் கண்டு அவர்களுக்குப் புளகாங்கிதம். எங்கள் கடல் எப்படி இருந்தது என்று ஒரு கிழவர் கேட்டாராம். தூரத்திலிருந்து நல்லாயிருந்தது என்று கிரேக்கத்திலேயே சொல்லிவிட்டு அக்கா தரையைத் துடைத்தாராம்.

மாதர் வட்டத்தின் நத்தார்ப் பயணம் அவர் தொடங்கியது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டிசம்பரில் நாங்கள் வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஏழு பெண்கள். தொழிற்சாலைகள் மூடியிருக்கும் அந்த வாரத்தில் வீட்டுக்குள் கிடந்து என்ன செய்வது, நகரத்துக்குப் போய் விளக்குகளைப் பார்ப்போம் என்றார் அக்கா. ஒரேயொரு கட்டுப்பாடு வைத்தார். ஒருத்தியும் பை கொண்டுவரக்கூடாது. கோட்டுப் பையில் அடங்காதது ஒன்றும் வரக்கூடாது. பை வந்தால் அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் ஒன்றையும் பார்க்கமாட்டாள் என்பது அவருடைய கணக்கு.

எங்கள் சனத்துக்கு இது எப்பேர்ப்பட்ட இடி என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பூங்காவுக்குப் போனாலும் புட்டும் கறியும் கட்டி, பாய் சுருட்டி, தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்க் என்று குடிபெயர்வதுபோலப் போகிறவர்கள் நாங்கள். வெறுங்கையோடு வெளிக்கிடுவதா என்று தவமணி அன்ரி ஒரு கிழமை புறுபுறுத்தார். வந்த அன்று சப்வேயில் ஏதோ வாசம் வந்தது. அன்ரியின் இரண்டு கோட்டுப் பைகளிலும் பொரித்த றோல்ஸ். எண்ணெய் ஊறிக் கோட்டுக்கு வெளியே தெரிந்தது. அக்கா அவற்றை எடுத்து எல்லோருக்கும் பங்கிட்டார். யங் வீதியில் இறங்கும்போது ஏழு பேருக்கும் கை வெறுமை.

கடைக் கண்ணாடிகளுக்குள் பொம்மைகள் ஆடிக்கொண்டிருந்தன. சனம் நெருக்கியடித்தது. எனக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் கையில் பிள்ளையோ பையோ இல்லாமல் நான் வீதியில் நடந்தது அன்றுதான். முன்னால் போன அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கையை வீசிக்கொண்டு வாங்கோ," என்றார். நகர மண்டபச் சதுக்கத்தில் வண்டிக்காரனிடம் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, பனியில் நின்று ஊதி ஊதித் தின்றோம். அன்றுபோல ஒரு சாப்பாடு நான் பிறகு சாப்பிடவில்லை.

அடுத்த கோடையில் வாடகை வான் வண்டியில் வசாகா கரைக்குப் போனோம். அக்கா வண்டியிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கரையில் உதறிவிட்டு, உடுத்த சட்டையோடு கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றார். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பார். கரையேறினால் செருப்பைக் காணவில்லை, யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வீடு வரும்வரை வெறுங்காலோடு இருந்து சிரித்தார். "செருப்புத்தானே போனது, நான் கடலுக்கை நிண்டனான்," என்றார். உது கடலில்லை, ஏரி என்று தவமணி அன்ரி திருத்தியதையும் அவர் காதில் வாங்கவில்லை. ஐந்து பேச்சாளர்களே, உங்கள் காவல் தெய்வம் தன் சொந்தச் செருப்பையே காக்கவில்லை. அந்த மனுசியை நீங்கள் பார்த்ததே இல்லை.

பிறகு வட்டம் பெருத்தது. தலைவி வந்தார், செயலாளர் வந்தார், பதாகை வந்தது. மல்வேர்னிலிருந்து மஞ்சள் பஸ் பிடித்தார்கள். கணவன்மார் கமராவோடு ஏறினார்கள். பிள்ளைகள் வருகிற இடத்தில் பை இல்லாமல் எப்படி என்று கூட்டத்தில் பேசி, அக்காவின் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அக்கா எதிர்த்துப் பேசினார். ஒரு கை அவருக்காக உயர்ந்தது, அது தவமணி அன்ரியின் கை. றோல்ஸ் கொண்டுவந்த அதே அன்ரி. என் கை மடியில் கிடந்தது. அந்த வருடம் தட்டுத் தட்டாக ஃபிரைட் றைஸும் கூலர் பெட்டிகளும் சதுக்கத்துக்கு வந்து இறங்கின. சதுக்கத்து ஐஸ் தளத்தில் சறுக்கிவிட்டு வருகிறோம், பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கோ என்று அக்காவிடம் விட்டார்கள். பரமேஸுக்குப் பிள்ளை குட்டி இல்லைத்தானே, அவவுக்கு என்ன அவசரம் என்று ஒருவர் சொன்னதை அவரும் கேட்டார், நானும் கேட்டேன். கல்யாணம் கட்டாமல் இருந்து தங்கைமாரை வாழவைத்தவருக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது. மறுவருடம் அறிவித்தலிலேயே 'சாமான் பொறுப்பு: செல்வி பரமேஸ்வரி' என்று வந்துவிட்டது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

சென்ற வருடம் நவம்பரில் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அப்போதே அவருடைய வருத்தம் என்ன நோயென்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சுகந்தியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இந்த முறை நானும் ஐஸில ஏறவேணும். எனக்குத் தனிய ஏறப் பயம். நீ என்ரை கையைப் பிடிக்கிறியே?"

"ஓம் அக்கா," என்றேன். "நான் பிடிக்கிறன்."

டிசம்பரில் சதுக்கத்தில் பஸ் நின்றதும் வழக்கம்போல எல்லோரும் உட்காரும் வாங்கில் பைகளைக் குவித்துவிட்டு ஐஸை நோக்கி ஓடினார்கள். அக்கா ஸ்கேற்றிங் சப்பாத்தை வாடகைக்கு எடுத்துக் காலில் போட்டுக்கொண்டு வாங்கின் நுனியில் இருந்தார். வெள்ளைச் சப்பாத்து. கயிற்றைக்கூடக் கட்டிவிட்டார். நான் போய் என் பையையும் அந்தக் குவியலில் வைத்தேன். அஞ்சு நிமிசம் பாருங்கோ அக்கா, ஒரு சுற்றுச் சுற்றிப் பழகிக்கொண்டு வந்து உங்களைக் கூட்டிப்போறன் என்றேன். அவர் தலையாட்டினார்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் சுலபம். எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அவரை வாங்கில் கண்டேன். இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தேன். பிறகு சினேகிதிகள் கையைக் கோத்துக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள், பாட்டுப் போட்டார்கள். எனக்கு நல்ல சந்தோசம். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தேன். அக்காவின் இரண்டு பக்கமும் பைகள், காலடியில் பிள்ளைகளின் பூட்ஸ், மடியில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை நித்திரை. குழந்தையோடு குனிய முடியாதபடியால் ஸ்கேற்றிங் சப்பாத்து இன்னும் காலில்தான் இருந்தது. பஸ் வெளிக்கிட ஆயத்தமாக நின்றது.

மன்னித்துக்கொள்ளுங்கோ என்று ஏதோ உளறினேன். அவர் என் பையைத் தேடியெடுத்து என்னிடம் நீட்டினார். குரல் உயரவே இல்லை.

"ஏதென்ஸில எனக்குச் சம்பளம் தந்தவை, பிள்ளை."

அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. மாசியில் வருத்தம் வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு முறை போய்ப் பார்த்தேன். நான்கு முறையும் காலநிலையைப் பற்றியும் சூப்பைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். ஒரு சக்கர நாற்காலியில் வைத்தாவது அவரை அந்த ஐஸுக்குக் கொண்டுபோயிருக்கலாம். தேநீர் குடிக்கப் போன வீட்டில் அத்தனையும் கேட்டுத் தெரிந்தவள் நான். தெரியாமல் செய்தவர்களைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

போன கிழமை செயலாளர் மறுபடியும் எடுத்தார். இந்த டிசம்பர்ப் பயணத்துக்குப் 'பரமேஸ்வரி நினைவுப் பயணம்' என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். மூன்று பஸ்ஸாம். சாமான் பொறுப்புக்கு என் பெயரைப் போடட்டுமா, அக்காவோடு நெருங்கிப் பழகினவர் நீங்கள்தானே என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருடைய பெயரை வைத்தால் பையை வைக்கக்கூடாது, பை வருமென்றால் அவருடைய பெயர் வரக்கூடாது என்றேன். உங்களுக்கு மனம் சரியில்லை, பிறகு பேசுவம் என்று வைத்துவிட்டார். மனம் சரியாகத்தான் இருக்கிறது.

சுகந்தி, இந்த மலரின் முன்பக்கத்தில் தன்னலமற்றவர் என்று அச்சடிக்கப் போவதாகச் சொன்னாய். அதை எடுத்துவிடு. உன் மாமிக்கு ஆசை இருந்தது, அதை அவர் வாய்திறந்து கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. இதை எழுத இடம் காணாது என்றால் என் பக்கத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் போடு.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் என்னிடம் ஒன்று கேட்டார், நான் ஓம் என்றேன். அந்த ஓம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.