ஆமாம் என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்

டெக்சாஸில், ரிச்சர்ட்சன் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் பதினோரு வருஷமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சைத் தொலைத்தவர்களுக்குச் சொற்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. சிலருக்கு நன்றாகத் திரும்பி வரும். சிலருக்குப் பாதி வரும். ஒன்றும் வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ராப் பாடகர் விஷயத்தில் நான் நின்றதுபோல வேறு எங்கேயும் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில்லை.

அவர் யார் என்று முதல் நாள் எனக்குத் தெரியாது. என் காரில் ஓடுவது பழைய தமிழ்ப் பாட்டுகள் மட்டும்தான். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த தலை, தொங்கிப்போன வலது கை. ஐம்பத்து மூன்று வயது. கூடவே அவருடைய அக்கா வந்திருந்தார், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்கள் வரவேற்பு மேஜைப் பெண் பாடகரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

வழக்கமான கேள்விகளோடு ஆரம்பித்தேன்.

"நாம இப்ப டெக்சாஸ்லதான் இருக்கோமா?"

"யா."

"வெளியில பனி கொட்டுதா?" அன்று நூறு டிகிரி வெயில்.

"யா."

"நீங்க ஒரு பெண்ணா?"

"யா."

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். மறுபடியும் "யா" என்றுதான் வந்தது. முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு அக்கா, பிறகு நான். சிரிப்பு அடங்கியதும் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் இப்படி ஒரே ஒரு சொல் தங்கிவிடுவது உண்டு. அர்த்தத்தோடு அல்ல, வெறும் பழக்கமாக. அவருக்கு ஏன் அந்தச் சொல் தங்கியது என்று அக்கா சொன்னார். ஒவ்வொரு பாட்டிலும் வரிகளுக்கு நடுவே அவர் "யா" என்று இழுப்பாராம். கச்சேரியில் மொத்தக் கூட்டமும் அதைத் திருப்பிக் கத்துமாம்.

அவருடைய கதையை அக்கா எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னார், பயிற்சி முடிந்து தம்பி கழிப்பறைக்குப் போயிருக்கும் நேரங்களில். ஹூஸ்டனின் தென்பகுதியில் பிறந்தவர்கள். சர்ச் பாடகர் குழுவில் அக்கா பாடுவார். தம்பிக்குக் குரல் கட்டை, ராகம் நிற்காது. அதனால் பேசியே பாட ஆரம்பித்தான் என்று சொல்லிச் சிரித்தார். தெருவில் இருந்த நண்பர் ஒருவர் பழைய இசைத்தட்டுகளை வெட்டி ஒட்டித் தாளம் அமைத்துக் கொடுத்தார். அந்தத் தாளம் நிதானமானது, அந்த ஊர் வெயிலில் யாரும் அவசரப்படுவதில்லை என்பதுபோல. இருவரும் கேசட்டுகளைக் கார் டிக்கியில் அடுக்கி லூயிசியானா வரைக்கும் போய் விற்றார்கள். நியூயார்க்கில் யாரும் மதிக்கவில்லை, அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தோழனைப் பற்றி அவர் எழுதிய பாட்டு நாடு முழுக்க ஓடியது. ஆறேழு வருஷம் பெரிய மேடைகள். அப்புறம் காலம் மாறியது. ரேடியோ வேறு பக்கம் போயிற்று. அவர் லாரி ஓட்டினார், நடுநடுவே சின்ன கிளப்களில் பாடினார். ஒரு சனிக்கிழமை முடிதிருத்தும் கடையில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா டல்லாஸ் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது வாரம் அக்கா தன் போனில் அந்தப் பழைய பாட்டைப் போட்டுக் காட்டினார். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். பாட்டோடு சேர்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு சொல் பிசகாமல், மூச்சு விடும் இடம்கூடத் தவறாமல் ராப் பண்ணினார். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாதவர்! மனப்பாடமான பாட்டு மூளையில் வேறு இடத்தில் இருக்கும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள்தான். ஆனாலும் நேரில் கேட்டபோது அழுகை வந்தது.

அந்தப் பாட்டையே படிக்கட்டாக வைத்து ஏறிவிடலாம் என்று நம்பினேன். இரண்டாவது பத்தியில் தண்ணீர் என்று ஒரு சொல் வரும். அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, கிளாஸைக் காட்டி, "இது என்ன?" என்பேன். "யா" என்பார். மறுபடி பாட்டைப் போடுவேன், சரியாகச் சொல்வார். நிறுத்தினால் போய்விடும். அந்த வரிகளை நானும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அதில் வரும் கெட்ட வார்த்தைகளை ஃப்ரீவேயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். ஒருநாள் பின் சீட்டிலிருந்த மகள், "அம்மா, டூ யூ ஈவன் நோ வாட் யூ ஆர் சேயிங்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். இரண்டு மாதம் முயன்றோம். பாட்டிலிருந்து ஒரு சொல்கூடக் கீழே இறங்கி வரவில்லை.

அதனால் வாயை விட்டுவிட்டுக் கைக்குப் போனேன். வேண்டாம் என்றால் இடது உள்ளங்கையை மேஜையில் அழுத்தி வைக்க வேண்டும். இதற்கே ஆறு வாரம் ஆனது. ஒருநாள் அக்கா வழக்கம்போல பீச் பழத் தயிர் டப்பாவைத் திறந்து, "சாப்பிடறியா?" என்று கேட்டார். "யா" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையை மேஜையில் அழுத்தினார். அக்கா என்னைப் பார்த்தார். "ஒன்பது மாசமா தினம் காலையில இதைத்தானே குடுத்தேன். கேட்டா 'யா'ங்கறான், நானும் குடுத்தேன்." அவர் கையை எடுக்கவே இல்லை. அன்று நாங்கள் மூவரும் ஏதோ பெரிய வெற்றி பெற்றவர்கள் மாதிரி இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் தாளம் அமைக்கும் நண்பர் எங்கள் மையத்துக்கு வந்தார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. வாராவாரம் ஹூஸ்டனிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிவந்து, தன் கையால் இவருக்கு ஷேவ் செய்துவிட்டுப் போகிறவர். பழைய பாடகர்களைச் சேர்த்து நாலு ஊரில் கச்சேரி நடக்கப்போகிறது, இவரும் பாட வேண்டும் என்றார்.

"பண்ணலாமா ப்ரோ?" என்று கேட்டார்.

"யா."

உள்ளங்கை மேஜையில் இருந்தது.

"அவர் கையைப் பாருங்க," என்றேன். "வேண்டாம்னு சொல்றார்."

அவர் என்னை மரியாதையாகவே பார்த்தார். "மேம், அவன் தாளம் போடறான். பன்னெண்டு வயசுலேர்ந்து அந்தக் கையாலதான் தாளம் போடறான்."

அதில் பொய் இல்லை. அவர் தாளமும் போடுவார். மறுநாள் பயிற்சியில் இரண்டு படங்களை வைத்தேன், ஒன்று மேடை, ஒன்று வீடு. வீட்டைத் தொட்டார். இரண்டு நாள் கழித்து அதையே கேட்டேன். மேடையைத் தொட்டார். எனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றை நான் யாரிடம் போய் அடித்துச் சொல்வது?

அக்காவிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு இவனை அஞ்சு மாசமா தெரியும். பாடற நேரம் மட்டும்தான் எனக்கு என் தம்பி திரும்பக் கிடைக்கிறான். அதையும் வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?"

வாயால் சொல்லும் ஆமாமை இவர் விஷயத்தில் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அறிக்கை எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். நரம்பியல் மருத்துவர், பயணம் செய்ய உடல்நிலை இடம் கொடுக்கிறது என்றார். முடிவெடுக்கும் உரிமை சட்டப்படி அக்காவிடம் இருந்தது. எல்லோரும் முறைப்படிதான் நடந்தார்கள்.

"நீ எழுத வேண்டியதை எழுதிட்டே. இதுக்கு மேல உன்னால என்ன பண்ண முடியும், சொல்லு?" என்றார் என் கணவர்.

கல்யாணமாகி நியூஜெர்சி பிஸ்கட்டவேக்கு வந்த புதிதில், அமெரிக்கர்கள் பேசுவது புரியாமல் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவேன். ஒருநாள் நுனி முடியை வெட்ட சலூனுக்குப் போனேன். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், யெஸ் என்றேன். இடுப்புவரை இருந்த முடி தோளோடு போயிற்று. அவள் கண்ணாடியைப் பின்னால் பிடித்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். அதற்கும் யெஸ் என்றேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். கணவர் கேட்டதும் எனக்கு அது ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

முதல் இரண்டு ஊர்களுக்கு நான் போகவில்லை. மூன்றாவதான டல்லாஸ் கச்சேரி ஒரு ஞாயிறு மதியம், திறந்தவெளியில். மடக்கு நாற்காலி இரண்டை எடுத்துக்கொண்டு கணவரும் வந்தார். பாடகரை ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். தாளம் ஆரம்பித்ததும் முழுப் பாட்டையும் பாடினார். என்னைவிட மூத்த மனிதர்கள் குழந்தையைப்போலக் குதித்தார்கள். அவர் "யா" என்று இழுத்தபோது மைதானமே திருப்பிக் கத்தியது. நானும் கத்தினேன். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாட்டு முடிந்தது. நண்பர் மைக்கில், "இன்னொண்ணு பாடலாமா?" என்று கேட்டார்.

"யா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்போது இசை எதுவும் இல்லை, தாளம் இல்லை. பெரிய திரையில் அவருடைய இடது கை தெரிந்தது. உள்ளங்கை தொடையின் மேல் அழுந்தியிருந்தது. அசையவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்து மேடையின் பக்கவாட்டுக்கு ஓடினேன். காவலுக்கு நின்ற இளைஞன் தடுத்தான். "நீங்க யாரு மேம்?"

"அவரோட ஸ்பீச் தெரபிஸ்ட். அவர் நிறுத்தச் சொல்றார்."

அவன் மேடையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே இரண்டாவது பாட்டு ஆரம்பித்து, சொற்கள் மழைபோல விழுந்துகொண்டிருந்தன. "நல்லாத்தானே பேசறார், மேம்," என்றான்.

மூன்று பாட்டு பாட வைத்தார்கள்.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். நான் சொல்வதற்கு முன்பே, "நானும் பார்த்தேன்," என்றார். "ஹூஸ்டன் மட்டும் பாக்கி. அவன் பிறந்த ஊர். டிக்கெட் எல்லாம் போயிடுச்சு. அதோட போதும்." நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஹூஸ்டனிலும் பாடினார். அக்கா தம்பியோடு அங்கேயே தங்கிவிட்டார். மூன்று வாரம் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது தம்பிக்கு இரண்டாவது பக்கவாதம். இந்த முறை பாட்டும் போய்விட்டது. "யா"கூட இல்லை. கச்சேரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னாராம். "நிஜமா?" என்று அக்கா என்னிடம் போனில் கேட்டார். டாக்டருக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை ஹூஸ்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். நண்பர் அவருக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தார், மூக்குக்குக் கீழே மிக மெதுவாக. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார். பையில் படங்களும் அட்டைகளும் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கண் அட்டைக்கு வரவில்லை, ஜன்னல் பக்கமே இருந்தது.

"ஏதாவது திரும்பி வருமா?" என்று அக்கா கேட்டார்.

எத்தனையோ குடும்பங்களிடம் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அன்று அந்த ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. அக்கா வற்புறுத்தவில்லை. சமையலறைக்குப் போய், அரிசியும் சிவப்பு பீன்ஸும் தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். டிவியில் வானிலை அறிக்கை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் புறப்பட்டபோது அவர் தூங்கியிருந்தார். அக்கா எழுப்பப் போனார். வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.