‘இதோ வரேன்’ என்ற சிஸ்டர்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதில் வரும் நேரங்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. ஒரு கருவி பதிவு செய்தவை அவை. அந்தக் கருவியை அந்த வார்டில் பொருத்தியவனே நான்தான்.

மருத்துவமனைகளுக்கு அழைப்பு மணி அமைப்பது என் தொழில். சங்கதி எளிது. நோயாளி பொத்தானை அழுத்தினால் கட்டிலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். மேசையிலிருந்து அதை நிறுத்த முடியாது. கட்டிலின் தலைமாட்டில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். வேண்டுமென்றே அப்படி அமைக்கிறோம். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த கை, உட்கார்ந்த இடத்திலேயே மணியை அணைத்துவிடும். அது அந்தக் கையின் குற்றமில்லை. அதனால் கால்களை நடக்க வைக்கிறோம். எந்தக் கட்டில் எப்போது அழைத்தது, எப்போது அணைந்தது, எல்லாம் நொடிக் கணக்கில் பதிவாகும்.

போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, அதே வார்டில் பத்தாம் கட்டிலில் கிடந்தேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இறங்க முடியாது.

ஒன்பதாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள்.

“ஏன் தம்பி, உன் மணி அடிச்சா ஆள் வருமா? இல்ல, என் பஸ் மாதிரி கை காட்டுறவங்களைத் தாண்டிப் போயிடுமா?” என்று சீண்டுவார்.

இருபத்து நான்கு கட்டில்களுக்கு இரண்டே நர்ஸ்கள். பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர். சின்னவளுக்கு அன்று விடுப்பில்லாமல் தொடர்ந்து பதினோராவது நாள் வேலை. முந்தின நாள் என் மாத்திரையை டிரைவரிடம் நீட்டிவிட்டு, அவளே பதறிப் பிடுங்கிக்கொண்டாள். ஊசி போடும்போது கண் சொருகும்.

“கண்ணைத் தொறந்து குத்தும்மா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்றார் டிரைவர்.

“ஓடினா நல்லதுதான்ப்பா. ஒரு கட்டில் குறையும்” என்றாள். சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அதற்கு முன் இருவரும் சுவருக்கு அப்பாலுள்ள மேசையில் குனிந்து ஏடுகளை எழுதி முடிப்பார்கள். வார்டுக்குள் நர்ஸ் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாலை 7:52. டிரைவர் மார்பைப் பிடித்தார். “தம்பி... மூச்சு...”

பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு. மணி.

காலடிச் சத்தம் கேட்டது. டக்... பிறகு ஒன்றுமில்லை. டக்... பிறகு ஒன்றுமில்லை. ஒரு ஷூவின் அடி மட்டும் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் காரணம் தேடுகிற புத்தி.

உயரமான ஒரு சிஸ்டர். முன்பு பார்த்ததில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மணி நின்றது. பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் ‘9’ என்று எழுதினாள். அங்கே ஏற்கெனவே நிறைய எண்கள்.

“இதோ வரேன்” என்றாள்.

போய்விட்டாள்.

நம் பேச்சில் வருகிறவரும் ‘வரேன்’ என்பார், விடைபெறுகிறவரும் ‘வரேன்’ என்பார். நான் வருவாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

7:55. மறுபடி மணி.

டக்... டக்...

மணி நின்றது. ஒன்பதின் மேலேயே ஒன்பது.

“இதோ வரேன்.”

7:58.

“சிஸ்டர், அவருக்கு மூச்சு வரலை.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. நின்றபடியே தூங்குகிறாளோ...

கீழே பார்த்தேன்.

வலது காலில் ஷூ.

இடது காலில்... வெறும் காலுறை.

“இதோ வரேன்.”

டிரைவரின் உதடு நீலமாகியிருந்தது.

கத்தினேன்.

இருவரும் ஓடி வந்தார்கள். “மறுபடி மணி அடிக்க வேண்டியதுதானே?” என்றார் பெரிய சிஸ்டர்.

“மூணு தடவை அடிச்சாரு. அந்த சிஸ்டர்தான் வந்து வந்து அணைச்சாங்க.”

“எந்த சிஸ்டர்? நாங்க ரெண்டு பேர்தான்.” சின்னவள் பக்கம் திரும்பினார். “மணி உடனே நின்னுச்சே. நீ போனேன்னுல்ல நினைச்சேன்?”

“நீங்க போனீங்கன்னு நான் நினைச்சேன்க்கா.”

டிரைவர் 8:20க்கு இறந்தார். அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றும்போது சின்னவள் அழவில்லை. மூலையை மட்டும் மூன்று தடவை தப்பாக மடித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய சிஸ்டர் என் கட்டிலருகே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“கைல நம்பர் எழுதுனாளா?”

“ஆமா.”

“ஒரு கால்ல ஷூ இல்லையா?”

அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன், இதே வார்டில் வேலை பார்த்த அந்த சிஸ்டர் தொடர்ந்து மூன்றாவது ஷிஃப்டை முடித்துவிட்டு, உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினாளாம். மறு ஷூவுக்குக் கை போகவில்லை. காலையில்தான் பார்த்திருக்கிறார்கள்.

“கை நிறைய கட்டில் நம்பர் தம்பி. நாங்கதான் கழுவினோம். மை போகல.”

நான் குணமாகி, நான்கு மாதம் கழித்துக் கருவியைச் சரிபார்க்கப் போனேன். பேய் என்றால் பதிவு இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது. 7:52, 7:55, 7:58. மூன்றும் இருபதே நொடியில் அணைந்திருந்தன. பின்னோக்கிப் புரட்டினேன். அவள் இறந்த மாதத்திலிருந்து அந்த வார்டின் மாலை மணிகள் எல்லாமே இருபது நொடி. மற்ற வார்டுகளில் நான்கு நிமிடம்.

மருத்துவமனை அலுவலகத்து அதிகாரிக்கு அந்தப் பதிவுத் தாளில் பெருமை. “இன்னொரு நர்ஸ் வேணும்னு கேட்டாங்க சார். இருபது செகண்ட்ல ஆள் போகுதே, எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

கடைசி ஏழு நாள் தாள்களில்தான் ஒன்று உறுத்தியது. ஒன்பதாம் கட்டிலின் மணியும் இருபத்தொன்றாம் கட்டிலின் மணியும் ஒரே நொடியில் அணைந்திருந்தன. வார்டின் இரு கோடிகள் அவை. ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. வயர்களை இரண்டு தடவை சோதித்தேன். பழுது எதுவுமில்லை.

பெரிய சிஸ்டர் மேசையில் தனியாக இருந்தார்.

“சின்ன சிஸ்டர் எங்கே?”

அவர் ஏட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“எட்டு நாளாச்சு தம்பி. மூணு ஷிஃப்ட் பார்த்துட்டுக் கிளம்பினா. வீடு போய்ச் சேரல.”

பேனாவை மூடினார்.

“வரேன்க்கான்னு சொல்லிட்டுத்தான் போனா.”